பல்லாவரத்து டைரியும் சானடோரியம் மாத்திரையும்

கொஞ்ச நாளாவே எழுத முடியல. கொஞ்ச நாள்னு சொல்றது பொய். எட்டு மாசம் ஆச்சு.

அதுக்கு முந்தின மூணு வருஷமும் வேற மாதிரி. ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு, பசங்க தூங்கின பிறகு உட்கார்ந்தா ராத்திரி ஒரு மணி வரைக்கும் எழுத்துதான். வாரத்துக்கு மூணு எழுதியே தீரணும்னு எனக்கு நானே ஒரு சட்டம். காய்ச்சல்லயும் எழுதினேன். மச்சினி கல்யாணத்துல மண்டபத்துப் பின்கட்டுல உட்கார்ந்தும் எழுதினேன். ஒரு நாள் வீட்டம்மா கேட்டாங்க: "யார்கிட்ட கடன் வாங்கியிருக்கீங்க, இப்படி வட்டி கட்டறதுக்கு?" அன்னைக்குச் சிரிச்சுட்டேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, நேரம் இருக்கு, விஷயம் இருக்கு, ஆனா ஒரு வரி வரல. அடுத்த வாரமும் வரல. அப்படியே எட்டு மாசம்.

எழுதாத மாசங்கள்ல படிச்சேன். அதுல கிடைச்சதுதான் இது. எங்க ரயில் பாதையிலயே இந்தக் களைப்புக்கு ஒரு சரித்திரம் இருக்குங்க.

நான் இருக்கிறது பீர்க்கன்கரணை. தெரியாதவங்களுக்கு: தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே வந்தா இரும்புலியூர், அடுத்தது நாங்க. ரயிலுக்குப் பெருங்களத்தூர் ஸ்டேஷன். 2021ல தாம்பரம் மாநகராட்சி ஆனப்போ எங்க பேரூராட்சியையும் பல்லாவரம் நகராட்சியையும் அதுல சேர்த்துட்டாங்க. அதனால இப்ப நானும் மறைமலையடிகளும் ஒரே மாநகராட்சி :-) வடக்கே போனா அவர் வாழ்ந்த பல்லாவரம். தெற்கே போனா அவர் பேர் வச்ச மறைமலை நகர். நடுவுல நான். பல வருஷமா இந்த ரெண்டு பலகையையும் ரயில்ல பார்க்கிறேன். அவர் எப்படி எழுதினார்னு மட்டும் யோசிச்சதே இல்ல.

அவர் பிறந்தது 1876ல, நாகப்பட்டினம் பக்கம். இயற்பெயர் வேதாசலம். அப்பா போன பிறகு பள்ளிப் படிப்பு பாதியில நின்னுச்சு. தமிழைத் தனியா ஆசிரியர்கிட்ட படிச்சவர். 1898ல சென்னைக் கிறித்துவக் கல்லூரியில தமிழாசிரியர் ஆனார். (நம்ம தாம்பரம் காலேஜ்தானேன்னு கேக்காதீங்க. அப்ப அது ஜார்ஜ் டவுன்ல இருந்துச்சு. தாம்பரத்துக்கு வந்தது 1937ல.)

அந்த நேர்முகத் தேர்வு பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு சொல்லுன்னு கேட்டாங்களாம். "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம். மத்தவங்க இவருக்குத் தெரியலன்னு நினைச்சப்போ, அங்க தமிழ்ப் பேராசிரியரா இருந்த பரிதிமாற் கலைஞர் மட்டும் புரிஞ்சுக்கிட்டாராம். அஃது, எனக்கு, தெரியாது - மூணு சொல்லும் குற்றியலுகரம்! நடந்ததோ இல்லையோ, நல்ல கதை. தெரியாதுன்னு சொல்ற மாதிரியே "முடியாது"ன்னு சொல்லவும் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குப் பின்னாடி வரேன்.

அந்தப் பரிதிமாற் கலைஞரைக் கொஞ்சம் பாருங்க. நாடகவியல், ரூபாவதி, கலாவதி, மானவிஜயம், தமிழ் மொழியின் வரலாறு... கல்லூரி வேலை ஒரு பக்கம், பூரணலிங்கம் பிள்ளையோட சேர்ந்து நடத்தின 'ஞானபோதினி' ஒரு பக்கம். 1903 நவம்பர்ல காசநோய்ல போயிட்டார். வயசு 33. வேலை அதிகமாப் பார்த்ததால காசநோய் வந்துச்சுன்னு நான் சொல்லல. அது கிருமியால வர்றது. ஆனா ஒரே அறையில பாடம் நடத்தின ரெண்டு பேர்ல ஒருத்தர் 33ல போறார். இன்னொருத்தர் 74 வயசு வரைக்கும் எழுதறார். கூட வேலை பார்த்தவரோட சாவைப் பக்கத்துல இருந்து பார்த்தவர் அவர். அது அவருக்குள்ள என்ன செஞ்சிருக்கும்!

1902லயே அவரும் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சிருந்தார். 'ஞானசாகரம்'. (தனித்தமிழுக்கு மாறின பிறகு 'அறிவுக்கடல்'. வேதாசலம் மறைமலை ஆன மாதிரியே.) 1911ல பல்கலைக்கழகப் படிப்புல தமிழோட இடம் சுருங்கினப்போ கல்லூரி வேலையை விட்டுட்டு பல்லாவரம் வந்துட்டார். அப்ப வயசு 35 கூட நிறையல. அதே வருஷம் துறவும் பூண்டார். பெரிய குடும்பம், மாசச் சம்பளம் கிடையாது.

நம்மள்ல பாதிப் பேருக்கு ஒரு கனவு இருக்கு இல்லையா? வேலையை விட்டுட்டா முழு நேரமும் எழுதலாம், அப்ப பாருங்க நம்ம எழுத்தைன்னு. அடிகள் அதை நிஜமாவே செஞ்சு பார்த்தவர். என்ன ஆச்சு? எழுதறதும் அவரே, அச்சுப் பிழை பார்க்கிறதும் அவரே. வீட்டோட அச்சுக்கூடம் வச்சதால அந்தக் கவலையும் அவருக்கே. வருமானத்துக்கு ஊர் ஊராப் போய்ச் சொற்பொழிவு. இலங்கை வரைக்கும் பல தடவை போயிருக்கார். வேலையை விட்டா நேரம் கிடைக்கும்னு நாம நினைக்கிறோம். அவருக்கு ஒரு வேலை போய் அஞ்சு வேலை வந்துச்சு.

இதோட விளைவு பத்திரிகையில தெரிஞ்சது. ஞானசாகரம் மாசாமாசம் டாண்ணு வந்த பத்திரிகை இல்ல. விட்டு விட்டுத்தான் வந்துச்சு. மாத இதழ்னு சந்தா கட்டினவங்க காத்திருந்திருப்பாங்க. ஒரு கோணத்துல பார்த்தா இது தோல்வி.

ஆனா அதே வீட்டுல இன்னொரு எழுத்தும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. டைரி! 1898ல தொடங்கி 1950ல அவர் இறந்த வருஷம் வரைக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல. (அதுவும் இங்கிலீஷ்ல. தனித்தமிழ் இயக்கத்தோட தந்தை டைரியை இங்கிலீஷ்ல எழுதினார்னு படிச்சப்போ ரயில்ல தனியாச் சிரிச்சேன்.) அலங்காரம் எதுவும் இல்லாத அன்றாடக் குறிப்புகள். அவர் காலத்துக்கு அப்புறம்தான் அதுலேர்ந்து தொகுத்து அச்சுல வந்துச்சு.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஊரே காத்திருந்த எழுத்து தவறிச்சு. யாரும் காத்திருக்காத எழுத்து 52 வருஷம் ஓடுச்சு. அதே ஆளு, அதே கை, அதே வீடு. எழுதற சக்தி இல்லாம ஞானசாகரம் நின்னிருந்தா டைரியும் நின்னிருக்கணுமே! அப்ப களைப்பு வர்றது எழுதறதால இல்ல. "இன்னைக்குத் தந்தே ஆகணும்"கிற வாக்குறுதியாலதான். வீட்டம்மா சொன்ன வட்டிக் கணக்கு அதுதான்.

ஆனந்தரங்கப் பிள்ளையும் இப்படித்தான். புதுச்சேரியில பிரெஞ்சுக்காரர்கள்கிட்ட துபாஷா இருந்தவர். 1736 செப்டம்பர்ல தொடங்கி சுமார் 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். அது தினமும் வரிசையா இருக்கும்னு நினைச்சேன். இல்ல. நடுவுல இடைவெளிகள் இருக்கு. சில நாள் பக்கம் பக்கமா இருக்கு, சில நாள் ரெண்டு வரி. இடைவெளி விட்டதால அந்த நாட்குறிப்போட மதிப்பு ஒண்ணும் குறையல. இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தப்போ 12 தொகுதி வந்துச்சு. விட்ட நாட்களுக்கு யாரும் அவரைக் கேள்வி கேக்கல. அவரும் திரும்பி வந்து எழுதத் தயங்கல.

சரி, "அது டைரி சார், பத்திரிகைக்கு எழுதறவன் என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான்.

கல்கியை எடுத்துக்குங்க. வாரப் பத்திரிகைக்குத் தவணை சொல்ல முடியாது. பொன்னியின் செல்வன் 1950ல தொடங்கி 1954 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், அலை ஓசை. கல்கி எழுதினது நாவல் மட்டும் இல்ல. தலையங்கம், பயணக் கட்டுரை, நகைச்சுவை, 'கர்நாடகம்'ங்கிற பேர்ல சங்கீத விமர்சனம். முன்னெல்லாம் இதைப் பார்த்து, எவ்வளவு பாரம்னு மலைச்சுப் போவேன். இப்ப வேற மாதிரி தோணுது. வலது தோள்ல தூக்கின மூட்டையை இடது தோளுக்கு மாத்தற மாதிரி ஒரு எழுத்துலேர்ந்து இன்னொரு எழுத்துக்கு மாறிக்கிட்டே இருந்திருக்கார். சோழ நாட்டுலேர்ந்து சபா கச்சேரிக்கு வந்தா மனசுக்குக் காத்து வரும் இல்லையா?

ஆனா அதையும் ரொம்பப் புகழ வேண்டாம். பொன்னியின் செல்வன் முடிஞ்ச அதே 1954, டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். வயசு 55. கடைசியா எழுதிக்கிட்டிருந்த அமரதாரா பாதியில நின்னு, மகள் ஆனந்திதான் முடிச்சாங்க. தோள் மாத்தினாலும் மூட்டை மூட்டைதான்.

இதுக்கு நேர் எதிரா உ.வே.சா. 1940ல ஆனந்த விகடன்ல 'என் சரித்திரம்' வாராவாரம் வர ஆரம்பிச்சப்போ தாத்தாவுக்கு 85 வயசு நெருங்கிடுச்சு. அந்த வயசுல வாரத் தொடர்! எப்படி முடிஞ்சுது? தனியா செய்யல, அவ்வளவுதான். கி.வா.ஜகந்நாதன் மாதிரி மாணவர் பக்கத்துல இருந்தார். தாத்தா சொல்லச் சொல்ல எழுதிக்கிறது, ஒழுங்கு பண்றதுன்னு கை கொடுக்க ஆள் இருந்துச்சு. ஏடு தேடின காலத்துலயும் ஒத்துப் பார்க்க, பிழை பார்க்கன்னு மாணவர்களோட உட்கார்ந்தே வேலை பார்த்தவர். 122 அத்தியாயம். 1942 ஏப்ரல்ல அவர் இறந்தப்போ சரித்திரம் மணிமேகலைப் பதிப்புக் காலத்தையொட்டியே நிக்குது. மீதி நாற்பது சொச்சம் வருஷம் பாக்கி. அதுக்காக அந்தப் புஸ்தகத்தைக் குறைப் புஸ்தகம்னு யாராவது சொல்றோமா?

நம்ம காலத்துலயும் ஒரு உதாரணம் இருக்கு. ஜெயமோகனோட வெண்முரசு. 2014 ஜனவரி 1லேர்ந்து 2020 வரைக்கும், தினம் ஒரு அத்தியாயம், 26 நாவல். எல்லாரும் "தினம்"கிறதை மட்டும் பார்த்து வாயைப் பிளக்கறோம் (நானும்தான்). ஒரு நாவல் முடிஞ்சு அடுத்தது தொடங்கறதுக்கு நடுவுல இடைவெளி விட்டதைக் கவனிக்கிறதில்ல.

அப்ப, கொஞ்ச காலம் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சுட்டுப் படுத்துட்டா சரியாயிடுமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். எட்டு மாசம் படுத்தும் பார்த்தேன். சரியாகல. ஏன்னு புரிஞ்சது எங்க ரயில் பாதையோட இன்னொரு ஸ்டேஷன்ல.

தாம்பரம் சானடோரியம். தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தப் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கறோம். அது காசநோய் ஆஸ்பத்திரியால வந்த பேர். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928ல அதை ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்துல மெண்டிப் மலைப்பக்கம் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917ல அங்க வந்து படுத்த ஒரு நோயாளியை நமக்கெல்லாம் தெரியும். கணித மேதை ராமானுஜன்! ராத்திரி பகல் பார்க்காம கணக்குப் போட்டவர். போர்க்காலம் வேற, சரியான சைவச் சாப்பாடும் கிடைக்கல. அப்ப காசநோய்னு வைத்தியம் பார்த்தாங்க. பின்னாடி வந்த டாக்டர்கள், ஈரல்ல அமீபா தொத்தினதா இருக்கலாம்னு எழுதியிருக்காங்க. 1920ல, 32 வயசுல போயிட்டார்.

சானடோரியம் வைத்தியம்னா அந்தக் காலத்துல என்ன? சுத்தமான காத்து, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. மருந்து இல்லாத காலத்துல வேற வழியும் இல்ல. வேலை, வீடு, குடும்பம் எல்லாத்தையும் விட்டுட்டு மாசக்கணக்கா, சில பேர் வருஷக்கணக்கா படுத்தே கிடக்கணும். 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்துச்சு, அடுத்து வேற மாத்திரைகளும் வந்துச்சு. அப்பவும் "மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துல படுக்கத்தான் வேணும்"னு உலகமே நம்பிச்சு.

அந்த நம்பிக்கையை உடைச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம மெட்ராஸ்லதாங்க! 1956ல இங்க காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துல வச்சாங்க. பாதிப் பேரை அவங்க வீட்டுலயே விட்டாங்க. ஏழை ஜனங்க, நெருக்கடியான வீடு, சாப்பாடும் கம்மி, ஓய்வும் கம்மி. ரெண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959ல முடிவு வெளிவந்துச்சு. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தாங்க! காப்பாத்தினது படுக்கை இல்ல. தினமும் தவறாம எடுத்துக்கிட்ட மாத்திரை. உலகம் முழுக்க சானடோரியங்களோட காலம் முடிஞ்சதுக்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

ரயில்ல இதைப் படிச்சப்போ புஸ்தகத்தை மூடி வச்சுட்டேன். எட்டு மாசமா நான் படுத்திருக்கேன், மாத்திரை எடுத்துக்கல! எழுத்தையே நிறுத்தினது எனக்கு ஓய்வு இல்ல. தினமும் "இன்னைக்கும் எழுதல"ன்னு ஒரு முள் குத்திக்கிட்டே இருந்துச்சு. வட்டி கட்டறதை நிறுத்தினேனே ஒழிய கடன் அப்படியேதான் இருந்துச்சு. அடிகளோட டைரியைத்தான் நான் மாத்திரைன்னு சொல்லுவேன். சின்ன அளவு, தினமும், வீட்டுலயே, எந்த ஆடம்பரமும் இல்லாம. பத்திரிகை தவறின மாசங்கள்லயும் அவரோட கை பேனாவை மறக்கல. அதனாலதான் ஞானசாகரம் நின்னாலும் திரும்ப வந்துச்சு. மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் மாதிரி ஒரு பெரிய நூலைப் பல வருஷம் ஊறப்போட்டு 1930ல கொண்டு வர முடிஞ்சது.

இன்னொண்ணும் சொல்லணும். உடம்பைப் பத்தி இந்த மனுஷனுக்கு அக்கறை ரொம்ப. 1922ல 'யோக நித்திரை அல்லது அறிதுயில்'னு தூக்கத்தைப் பத்தியே ஒரு புஸ்தகம் போட்டார். 1933ல மக்கள் நூறு வருஷம் உயிர் வாழ்றதைப் பத்தி இன்னொண்ணு. அவர் வாழ்ந்தது 74. நூறு இல்லைதான். ஆனா தூக்கத்தை எழுத்துக்கு எதிரியா நினைக்காத தமிழ் எழுத்தாளர் ஒருத்தர் பக்கத்து ஊர்லயே இருந்திருக்கார். ராத்திரி ஒரு மணி வரை முழிச்சதைப் பெருமையாச் சொல்லித் திரிஞ்ச எனக்கு இது கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

போறப்போ தன்னோட சுமார் 4000 புஸ்தகத்தைத் தமிழ் மக்களுக்குன்னு எழுதி வச்சுட்டுப் போனார். 1958ல லிங்கிச் செட்டித் தெருவுல அவர் பேர்லயே நூல் நிலையம் ஆச்சு. எந்த மாசம் ஞானசாகரம் தாமதமாச்சுன்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?

எனக்கு நானே போட்ட சட்டத்தைத் திருத்திட்டேன். வாரத்துக்கு மூணு கிடையாது. தேதி சொல்லி வாக்கும் கிடையாது. யாராவது அடுத்தது எப்போன்னு கேட்டா, "அஃது எனக்குத் தெரியாது" :-) ஆனா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கேன். காலையில பெருங்களத்தூர்ல ஏறினா பல்லாவரம் வர்றதுக்குள்ள நாலு வரி. யாருக்கும் காட்டறதில்ல. உட்கார இடம் கிடைக்காத நாள்ல ரெண்டு வரி. ஞாயித்துக்கிழமை அதுவும் இல்ல, அன்னைக்குப் பசங்களோட ஏரிக்கரைக்குப் போறேன். ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணைஞ்சுடும்.

அந்த நோட்டு பாதி நிரம்பினப்போதான் இதை எழுதணும்னு தோணுச்சு. எழுதி முடிச்சதும் வீட்டம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "இது வட்டி மாதிரி இல்ல"ன்னாங்க. எனக்கு அது போதும்.

எழுதிக் களைச்ச நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா, முழுசா நிறுத்திடாதீங்க. முழுசா ஓடவும் வேணாம். தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

அடுத்தது எப்போன்னு சொல்ல மாட்டேன். வரும்போது வரும்.

பி.கு: பீர்க்கன்கரணை பக்கம் வந்தா சொல்லுங்க. ஏரிக்கரையில உட்கார்ந்து டீ சாப்பிடலாம். ஆனா பத்தரைக்குள்ள கிளம்பிடணும் :-)